மெஸ் பில் யார் கட்டுவது?

ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவது பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: மெஸ் பில் யார் கட்டுகிறார்கள்? பள்ளிக்குப் புது வகுப்பறை கட்டப் பணம் கொடுக்க ஆள் கிடைத்துவிடுவார். திறப்பு விழா நடக்கும், கல்வெட்டில் பெயர் வரும். செப்டம்பர் மாத மெஸ் பில்லுக்கு விழாவும் கிடையாது, கல்வெட்டும் கிடையாது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் படிப்பை விடுவதோ பெரும்பாலும் அந்தச் செப்டம்பர், அக்டோபரில்தான். ஜூனில் கடனை உடனை வாங்கியாவது சேர்த்துவிடுவார்கள். இரண்டு மாதம் பாக்கி விழுந்ததும் பிள்ளை காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு ஊருக்கு வரும். அப்புறம் திரும்பிப் போகாது.

நான் திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு திருச்சபைப் போர்டிங்கில் வளர்ந்தவன். அப்பா என் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அம்மா பீடி சுற்றுவாள். கடையில் இலையும் தூளும் ஒழுங்காகக் கொடுத்த வாரங்களில் வீட்டில் இரண்டு வேளை உலை கொதிக்கும். பிள்ளைகளில் ஒருவனையாவது போர்டிங்கில் விட்டால் உனக்குப் பாரம் குறையும் என்று உபதேசியார்தான் அம்மாவிடம் சொன்னார். அப்படித்தான் டிரங்குப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தேன். அங்கே மூன்று வேளையும் சாப்பாடு இருந்தது. சாப்பாடு இருந்ததால் படிப்பும் வந்தது. ஏழைப் பிள்ளையின் கல்வி பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே இந்த இரண்டு வரிக்குள் அடங்கும்.

என் செலவை ஏற்றுக்கொண்டது ஐரோப்பாவில் இருந்த ஒரு குடும்பம். அந்தக் காலத்தில் தென் தமிழ்நாட்டுத் திருச்சபை விடுதிகள் பலவும் இப்படித்தான் நடந்தன. ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 1959இல் சில கிறிஸ்தவர்கள் சேர்ந்து தொடங்கிய கிண்டர்நோட்ஹில்ஃபே என்ற அமைப்பு முதலில் கைகொடுத்தது இந்தியப் பிள்ளைகளுக்குத்தான். அங்கே ஒரு குடும்பம் மாதாமாதம் ஒரு தொகை அனுப்பும், இங்கே ஒரு பிள்ளையின் சாப்பாடு, சீருடை, நோட்டுப் புத்தகம் அதில் நடக்கும். எனக்கு எந்த அமைப்பு வழியாக வந்தது என்பது இங்கே முக்கியமில்லை. வந்தது, அதில் படித்தேன். இன்று நான் ஒரு வேலையில் இருப்பதற்கும் என் மகள் பசி தெரியாமல் வளர்வதற்கும் அந்தக் குடும்பம் ஒரு காரணம். தினமும் ஜெபத்தில் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

வருஷத்துக்கு இரண்டு முறை கடிதம் எழுதும் சாயங்காலம் வரும். வார்டன் கரும்பலகையில் மாதிரிக் கடிதம் எழுதிப்போடுவார். கர்த்தருடைய கிருபையால் நான் நலமாக இருக்கிறேன் என்று தொடங்கும். எல்லோரும் அதைப் பார்த்து எழுதுவோம். மழை பெய்ததா, விடுதி மாமரம் காய்த்ததா என்பதை அவரவர் சொந்தமாகச் சேர்த்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு ஒரு முறை போட்டோ. எண் எழுதிய அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும். சின்ன வகுப்பில் அது விளையாட்டாக இருந்தது. பத்தாம் வகுப்பு வந்தபோது அந்த அட்டையைக் கையில் வாங்கவே கூசியது. வாங்குகிற சோற்றுக்கு முகத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பதினைந்து வயதுப் பையனுக்குப் புரிந்துவிடும், யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கடிதங்களை முழுதாகக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பனி விழுந்த ஊர்ப் படத்தோடு அவர்கள் அனுப்பிய அட்டையை வருஷம் முழுவதும் பெட்டிக்குள் வைத்திருந்தேன். உலகத்தில் எங்கோ ஒரு வீட்டில் என் பெயரைச் சொல்லிச் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கிறார்கள் என்ற நினைப்பு சாதாரணமானது அல்ல. புரூஸ் வைடிக்கும் வேறு இரண்டு பொருளாதார அறிஞர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கொரியப் போர் அநாதைகளுக்காக 1952இல் தொடங்கப்பட்ட கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பின் உதவியில் படித்து வளர்ந்துவிட்டவர்களை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் தேடிப் பிடித்து, உதவி கிடைக்காத அவர்களுடைய உடன்பிறந்தவர்களோடும் மற்றவர்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மொத்தம் பத்தாயிரம் பேருக்கு மேல். உதவி பெற்றவர்கள் ஏறத்தாழ ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுவரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். ஒன்றரை ஆண்டு என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பத்தாவதோடு நிற்க இருந்தவன் பிளஸ் டூ முடிப்பதற்கும் முடிக்காததற்கும் இடையில் இருப்பது அவ்வளவு காலம்தான். பணம் மட்டும் இதைச் செய்திருக்காது, பிள்ளையின் மனதில் எதிர்காலம் பற்றி ஏற்படும் நம்பிக்கைக்கும் பங்கு இருக்கிறது என்று பிறகு வந்த ஆய்வுகளில் சொன்னார்கள். என் டிரங்குப் பெட்டிக்குள் இருந்த அட்டைக்கு அது பொருந்துகிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தூரத்திலிருந்து பணம் வந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த நாங்கள் கொடுப்பதை நிறுத்திவிட்டோம்.

எங்கள் பாட்டி காலத்தில் பிடி அரிசி என்ற வழக்கம் இருந்தது. உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு கலயத்தில் போட்டுவிட்டுத்தான் சமையல். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு, அதாவது எங்கள் தேவாலயத்துக்கு, போகும். கூலி வேலை செய்கிற வீடும் போடும். கொடுக்கத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று யாரும் ஒதுங்கி நிற்க முடியாத காணிக்கை அது. மிசோரம் திருச்சபைகளில் 1910இல் தொடங்கிய கைப்பிடி அரிசிக் காணிக்கை இன்றுவரை நிற்கவில்லை. வீடு வீடாகச் சேரும் அந்த அரிசியை விற்று வரும் பணம் பெருந்தொகையாகத் திருச்சபைப் பணிகளுக்குப் போகிறது. எங்கள் ஊரில் கலயமும் போய்விட்டது, பிடியும் போய்விட்டது. போர்டிங் பிள்ளைகளை வெளிநாட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்களே என்ற நிம்மதி வந்ததும், கோயில் பணம் கோபுரத்துக்கும் தளக்கல்லுக்கும் சவுண்ட் சிஸ்டத்துக்கும் போனது. இதை யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. என் கண் முன்னால் நடந்தது.

2016இல் கம்பாஷன் இன்டர்நேஷனல் அனுப்பும் பணத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் சொன்னது. அந்தப் பணம் மதமாற்றத்துக்குப் போகிறது என்பது அரசு தரப்பின் புகார், இல்லை என்பது அமைப்பின் பதில். 2017 மார்ச்சில் இந்தியாவில் அதன் வேலை நின்றது. அப்போது அதன் உதவியில் இருந்த பிள்ளைகள் சுமார் 1,45,000 பேர். அவர்களில் பலர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். பிறகு 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, ஓர் அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றுவதைத் தடுத்தார்கள். பெரிய அமைப்பு வாங்கிக் கிராமத்துச் சின்ன விடுதிகளுக்குப் பிரித்துக் கொடுத்த வழி அதோடு அடைபட்டது. யார் பக்கம் நியாயம் என்ற வாதம் நடக்கட்டும். ஒரு பிள்ளையின் சாப்பாட்டுத் தட்டு, எங்கோ இருக்கிற ஓர் அலுவலகத்தின் ஒற்றை ஆணையில் காலியாகக்கூடிய இடத்தில் இருந்தது என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

விடுதிகள் மூடப்பட்டதற்கு இது மட்டும் காரணமல்ல. 2014இல் தமிழ்நாட்டில் விடுதிகளை முறைப்படுத்தும் சட்டம் வந்தது, 2015இல் இளைஞர் நீதிச் சட்டம் வந்தது. பதிவும் சோதனையும் கட்டாயமாயின. அது வரவேண்டியதுதான். ஏழைப் பிள்ளைகளை வைத்திருக்கிற இடத்தில் கதவு திறந்திருக்க வேண்டும், கேட்க ஆள் இருக்க வேண்டும். சில விடுதிகளில் பிள்ளைகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். தர்மத்துக்கு நடத்துகிறோம், எங்களைக் கேள்வி கேட்காதீர்கள் என்று சொல்பவர்கள் நடத்தாமலிருப்பதே நல்லது.

நம்முடைய ஊர்களில் தர்மப் பணம் பிள்ளைகளைப் படிக்க வைத்ததற்குப் பழைய சாட்சிகள் நிறைய இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது தஞ்சாவூர்ச் சத்திரங்கள். ராமேஸ்வரம் போகிற வழியில் யாத்ரிகர்களுக்காக மராட்டிய மன்னர்கள் கட்டியவை. 1801இல் மன்னர் இரண்டாம் சரபோஜி, அரசவையில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று விவரிக்கிறார். வழிப்போக்கர்கள் இறந்துபோய் அநாதையாகிவிட்ட பிள்ளைகளைச் சத்திரத்துப் பள்ளி ஆசிரியரின் பொறுப்பில் விடுவார்களாம். நாளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, நான்கு நாளுக்கு ஒரு முறை எண்ணெய்க் குளியல், உடம்புக்கு முடியாவிட்டால் மருந்து, அவரவர் விரும்புகிற படிப்பு. எண்ணெய்க் குளியலைக்கூட ஞாபகம் வைத்து எழுதியிருக்கிறார் பாருங்கள். பிள்ளை வளர்த்தவர்களுக்குத்தான் அது தோன்றும்.

விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையும் அப்படித்தான். நாடார் சமூகத்தாரின் உறவின்முறைச் சங்கம் நடத்திய பள்ளி. வியாபாரத்தில் பொதுக் காரியத்துக்கென்று பிரித்த மகமைப் பணம் ஒரு பக்கம், வீட்டுக்கு வீடு சேர்ந்த பிடி அரிசி இன்னொரு பக்கம். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கவில்லை. காமராஜர் படித்தது அங்கேதான். குடும்பக் கஷ்டத்தில் அவர் பாதியில் நிற்க நேர்ந்தது, ஆனால் ஊர் அரிசியில் பள்ளிக்கூடம் நடத்த முடியும் என்பதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். முதலமைச்சரான பிறகு, 1956இல் மதிய உணவைத் தொடங்கியபோது ஊர்க்காரர்களிடம் போய் அரிசியும் பருப்பும் கேட்க அவர் தயங்கவில்லை.

மயிலாப்பூர் ராமகிருஷ்ண மாணவர் இல்லமும் 1905இல் பெரிய பணக்காரர் யாருடைய தயவிலும் எழவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் பிளேக் நோயில் பெற்றோரை இழந்த பையன்களுக்காக சுவாமி ராமகிருஷ்ணானந்தர் மனம் உருக, ராமசாமி ஐயங்கார் வீடு வீடாகப் போய்க் கேட்டுக் கேட்டு வளர்த்தது. ஏழு பையன்களில் தொடங்கியது.

மத நம்பிக்கை வழியாகச் செய்யும் உதவியில் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் என்னோடு வேலை பார்த்த ஒரு பாய். காயல்பட்டினம் பக்கம் அவர் ஊர். ஊர் பைத்துல்மாலில், அதாவது ஏழைகளுக்கான பொது நிதியில், கணக்குப் பார்ப்பவர். ரமலான் மாதம் ஜகாத் என்ற கட்டாய தர்மத்தைப் பிரிப்பது எப்படி என்று ஒரு முறை உட்கார வைத்து விளக்கினார். ஓராண்டு கையில் தங்கிய சேமிப்பில் நூற்றுக்கு இரண்டரை. குறிப்பிட்ட எட்டு வகையினருக்குத்தான் போகவேண்டும். அதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொரு விதி. ஜகாத் பணம் ஏழையின் கைக்கு, அவருக்கே சொந்தமாகப் போய்ச் சேர வேண்டும் என்பது மார்க்க அறிஞர்கள் பலருடைய நிலை. அதனால் அந்தப் பணத்தில் கட்டடம் கட்டக்கூடாது, பள்ளிவாசல்கூடக் கட்டக்கூடாது என்பார்கள். பள்ளிக்கூடம் கட்ட வேண்டுமா, அதற்கு சதகா, விருப்பப்பட்டுத் தரும் தர்மம், தனியாகக் கொடுங்கள். ஜகாத் அந்தப் பையனுக்கு, அவன் பீஸுக்கு, அவன் வயிற்றுக்கு. இப்படி ஒரு வேலி எங்கள் கோயில் காணிக்கையைச் சுற்றியும் இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் படித்திருப்பார்கள் என்று அன்று ராத்திரி முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கத்தோலிக்க நண்பர்களிடம் வேறொன்று கற்றுக்கொண்டோம். 1833இல் பாரிஸில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தன் நண்பர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை இன்றும் கத்தோலிக்கப் பங்குக் கோயில்களில் இருக்கிறது. உறுப்பினர்கள் இரண்டிரண்டு பேராக ஏழைகளின் வீட்டுக்கே போவார்கள். கூட்டம் முடிகையில் ஒரு பை சுற்றி வரும், யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. என் போர்டிங் நாட்களில் எனக்குக் கிடைக்காதது இதுதான். என்னைத் தெரிந்த ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்க வேண்டும், வந்து பார்க்க வேண்டும், ஆனால் நான் அவருக்கு நன்றி எழுதித் தரவேண்டியிருக்கக் கூடாது.

இன்றைக்கு எதற்குப் பணம் தேவைப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். உதவி செய்ய நினைப்பவர்கள் பலர் இன்னும் நோட்டுப் புத்தகத்திலும் பள்ளிப் பையிலும் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் புத்தகம், சீருடை, பஸ் பாஸ், மதிய உணவு எல்லாம் அரசே தருகிறது. தொடக்கப் பள்ளியில் 2022 முதல் காலை உணவும் சேர்ந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. முதல் பட்டதாரிச் சலுகையும் உண்டு. இவ்வளவு இருந்தும் ஏன் நிற்கிறார்கள்?

அரசு தருவதற்கும் கல்லூரி வாசலில் கேட்கிற தொகைக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. கலந்தாய்வில் நல்ல கல்லூரி தூரத்தில் கிடைக்கும். சேரும் நாளில் விடுதி முன்பணம், ஒரு வாளி, ஒரு பாய், இரண்டு செட் துணி. உதவித்தொகை கணக்கில் ஏறப் பல மாதம் ஆகும், மெஸ் பில் மாதம் முடிந்ததும் வரும். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் ஒன்று இருக்கும். லேப் கோட்டு, ரெக்கார்டு நோட்டு, பிராஜெக்ட் பிரிண்ட். பொங்கலுக்கு ஊருக்கு வரப் பஸ் காசு இல்லாமல் விடுதியில் தனியாகத் தங்கிவிட்ட பிள்ளையை எனக்குத் தெரியும். வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் அந்த மாதம் பிள்ளையின் 1,000 ரூபாயும் வீட்டுக்குப் போய்விடும், போகத்தான் செய்யும். நர்சிங், பாலிடெக்னிக் பிள்ளைகள் பாதியில் நிற்பதற்கு நான் பார்த்த காரணங்கள் எல்லாம் இந்த அளவுத் தொகைகள்தான். ஒரு சவுண்ட் சிஸ்டத்தின் விலையில் எத்தனையோ பேரைக் கரையேற்றலாம்.

ஆகவே எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கும் எங்கள் சபை வட்டாரத்தில், சிலர் சேர்ந்து ஒரு நிதி தொடங்கினோம். பெண்கள் சங்கத்து அக்கா ஒருவர்தான் பிடி அரிசியை மீண்டும் எடுக்கலாம் என்றார். ரேஷன் அரிசியைக் கொண்டுவந்து தரக்கூடாது என்று சிலர் சொன்னபோது, தாங்கள் சாப்பிடுவதில் ஒரு பிடிதானே தரமுடியும் என்று அவர் கேட்டது சரியான கேள்வி. அரிசி சேர்வது சேர்கிறது. மற்றவர்கள் மாதம் ஒரு தொகை, அவரவர் வசதிப்படி. முக்கியமான நிபந்தனை ஒன்று: கொடுப்பவர் மூன்று வருஷத்துக்கு வாக்குத் தர வேண்டும். ஒரு தடவை பெரிதாகக் கொடுத்துவிட்டுப் போகிற பணத்தை நம்பி ஒரு பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க முடியாது. மெஸ் பில்லை விடுதிக்கே நேராகக் கட்டிவிடுகிறோம். பஸ் காசும் கைச்செலவும் பிள்ளையின் கணக்குக்குப் போகும், அதற்கு ரசீது கேட்பதில்லை.

பெயர் வாசிப்பது கிடையாது, மேடைக்குக் கூப்பிடுவது கிடையாது, போட்டோவே கிடையாது. இதில்தான் எதிர்ப்பு அதிகம் வந்தது. யாருக்குப் போகிறது என்று தெரிந்தால்தானே ஜனங்கள் உற்சாகமாகக் கொடுப்பார்கள் என்று ஓர் அண்ணாச்சி கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, கணக்குத் தெரியாத பணத்துக்கு யாரும் திரும்பக் கொடுக்க மாட்டார்கள். அதனால் எத்தனை பிள்ளைகள், எந்தப் படிப்பு, எவ்வளவு செலவு என்று வருஷா வருஷம் கோயில் பலகையில் ஒட்டுகிறோம். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்க வேண்டும் என்று சிறுவயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த சபை இது. அந்த வசனத்தை மெஸ் பில் விஷயத்தில் கடைப்பிடிப்பது முடியாத காரியமல்ல.

இப்போது சபையில் நடக்கும் விவாதம் வேறு. எங்கள் தெருக்களில் இருப்பவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் அல்ல. அம்மன் கோயில் தெருப் பிள்ளை ஒன்று போன வருஷம் பாலிடெக்னிக் சேர உதவி கேட்டு வந்தது. நம் கோயில் காணிக்கையை நம் பிள்ளைகளுக்குக் கொடுத்து மீந்தால் பார்ப்போம் என்றார்கள் சிலர். கொடுக்கலாம், ஞாயிறு ஆராதனைக்கு வரச் சொல்லலாம் என்றார்கள் வேறு சிலர். இரண்டாவது யோசனைதான் எனக்கு அதிகம் வலித்தது. கோயிலுக்கு வந்தால்தான் மெஸ் பில் என்றால், அந்தப் பிள்ளை நெஞ்சுக்கு நேரே பிடிக்க நாமும் ஓர் அட்டையைக் கொடுக்கிறோம் என்றுதான் அர்த்தம். நம் மேல் ஊர் சந்தேகப்படுவதற்கும் நாமே காரணத்தைக் கையில் கொடுக்கிறோம். எங்கள் போதகர் ஐயர் நடுவில் வந்து, பசிக்கு எந்தச் சேகரத்துப் பசி என்று கேட்க முடியுமா என்றார். அந்தப் பிள்ளைக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் கட்டினோம். இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறது, மார்க்கும் நன்றாக வாங்குகிறது.

இந்த முறை கேட்டிருப்பவர்கள் கையிருப்பைவிட அதிகம். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டு வரும் பணத்தில் பாதியை இந்த நிதிக்கு ஒதுக்கச் சொல்லி கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். போர்டிங்கில் என்னோடு படித்து இப்போது வளைகுடாவிலும் சென்னையிலும் இருப்பவர்களுக்கும் எழுதியிருக்கிறேன், சிலர் மூன்று வருஷ வாக்குத் தந்துவிட்டார்கள். ஏலப் பணத்தில் கோயில் முகப்புக்குக் கிரானைட் போடலாம் என்ற யோசனையும் கமிட்டியின் முன் இருக்கிறது. கூட்டம் அடுத்த மாதம். முகப்பு இன்னும் இரண்டு வருஷம் சுண்ணாம்போடு இருக்கலாம், பிள்ளைகளுக்கு ஜூன் அதுவரை காத்திருக்காது என்று அங்கே பேசப்போகிறேன்.